கிணற்று மோட்டார் கொட்டிலில் தெர்மோஸ்டாட் பிளக்: உறைபனிக்கு அது மட்டும் போதுமா?

லிண்ட்சேக்காரன் எழுதியது:

வணக்கம் உறவுகளே. ரொறன்ரோவுக்கு வடகிழக்கே ஏறக்குறைய 130 கிலோமீற்றர் தொலைவில், லிண்ட்சே நகருக்கு வெளியே உள்ள ஒரு பழைய பண்ணை வீட்டுக்கு இந்த ஆண்டு குடிவந்திருக்கிறோம். கிணற்றிலிருந்து தண்ணீரை இழுக்கும் ஜெட் பம்பும் அழுத்தத் தாங்கியும் வீட்டின் நிலவறையில் இல்லை. வீட்டுக்குப் பின்னால் தனியாக நிற்கும் ஒட்டுப்பலகைக் கொட்டில் ஒன்றில் இருக்கின்றன. கொட்டில் 6 அடி அகலமும் 8 அடி நீளமும் 7 அடி உயரமும் கொண்டது.

முன்பு இருந்தவர்கள் குளிர்காலம் முழுவதும் அங்கே ஒரு 100 வாட் மின்குமிழை அணைக்காமல் எரியவிட்டு உறைதலைத் தடுத்து வந்தார்களாம். அந்தக் குமிழ் இப்போது எரிந்துபோய்விட்டது. வீடுகளுக்கான சாதாரண 100 வாட் இழைக் குமிழ்கள் கனடாவில் 2014 முதல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டுவிட்டன என்பதும், எல்.ஈ.டி. விளக்கை எவ்வளவு நேரம் எரித்தாலும் பேருக்குக்கூடச் சூடு கிடைக்காது என்பதும் உங்களுக்குத் தெரியும். வன்பொருள் கடையில் கேட்டபோது தெர்மோஸ்டாட் உள்ளடங்கிய ஒரு சிறிய பிளக்கைக் காட்டினார்கள். காற்றின் வெப்பநிலை 2 டிகிரிக்கு இறங்கும்போது அது தானாக மின்சாரத்தை விடுமாம், 7 டிகிரிக்கு ஏறியதும் நிறுத்துமாம். அதில் ஒரு 1500 வாட் செராமிக் ஹீற்றரைச் செருகிவிட்டால் மார்ச் முடியும் வரை அந்தப் பக்கம் போகவே தேவையில்லை என்றார் கடைக்காரர். இங்கே ஜனவரியில் சில இரவுகளில் மைனஸ் 25 வரை இறங்கும் என்று அயலவர்கள் சொல்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் கருத்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மின்கம்பி எழுதியது:

வணக்கம் தம்பி. நான் ஒன்ராறியோவில் மின்வேலை செய்பவன். கடைக்காரர் சொன்ன பிளக் நல்ல பொருள்தான். ஆனால் அதற்கு இருப்பதைவிடக் கூடுதலான புத்தியை அவர் அதன் தலையில் ஏற்றிவிட்டார்.

தெர்மோ கியூப் என்ற பெயரில் பரவலாக விற்கப்படும் அந்த வகைப் பிளக்கினுள்ளே, வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு சிறிய தகடு இருக்கிறது. குளிரில் அது ஒரு பக்கம் வளைந்து மின்தொடுப்பை மூடும், சூட்டில் மறுபக்கம் வளைந்து திறக்கும். 2 டிகிரிக்கும் 7 டிகிரிக்கும் இடையே இடைவெளி வைத்திருப்பது, நிமிடத்துக்கு ஒருமுறை போட்டு அணைத்து ஹீற்றரையும் தொடுப்பையும் தேய்த்துவிடாமல் இருப்பதற்காக. அதே உருவத்தில் மைனஸ் 7 டிகிரியில் போடுவதும், மைனஸ் 18 டிகிரியில் போடுவதும் விற்பனைக்கு இருக்கின்றன. பெட்டியில் உள்ள எண்ணைப் பார்த்து வாங்குங்கள். தண்ணீர்க் குழாய்க்குப் பொருத்தமானது நீங்கள் சொன்ன 2 டிகிரி வகைதான்.

இனி, அதில் செருகப்போகும் ஹீற்றருக்கு வருவோம். 120 வோல்ட்டில் 1500 வாட் என்றால் 12.5 ஆம்பியர். 15 ஆம்பியர் சுற்றில் மணிக்கணக்காக ஓடும் சுமையை 12 ஆம்பியருக்குள் வைத்திருப்பதே எங்கள் தொழிலின் வழக்கம். கொட்டிலுக்குப் போகும் அதே சுற்றில் பம்பும் இருக்குமானால், ஹீற்றர் ஓடிக்கொண்டிருக்கும்போது பம்பும் கிளம்பி, பிரேக்கர் விழுந்து, இரண்டும் சேர்ந்து நின்றுவிடும். நீட்டிப்புக் கம்பி வழியாக ஹீற்றரை ஓட்டும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். ஹீற்றர் செய்பவர்கள் எல்லோருமே அதை விலக்குகிறார்கள்.

பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. பொத்தானை அழுத்தினால் எண்கள் ஒளிரும் புதிய வகை ஹீற்றர்கள், மின்சாரம் போய்த் திரும்ப வந்தால் தாமாக ஓடத் தொடங்குவதில்லை. யாராவது வந்து பொத்தானை மீண்டும் அழுத்த வேண்டும். பிளக் தன் கடமையைச் செய்து மின்சாரத்தை விட்டிருக்கும், ஹீற்றரோ காத்திருப்பு நிலையில் சிவப்புப் புள்ளி ஒன்றைக் காட்டியபடி குளிர்ந்து கிடக்கும். கையால் திருப்பும் பழைய வகைச் சுழல்பொத்தான் உள்ள ஹீற்றர் மட்டுமே இதற்குச் சரிப்படும்.

கடைசியாக ஒரு கேள்வி: சுவர்களுக்குள் காப்பு ஏதாவது இருக்கிறதா? வெறும் ஒட்டுப்பலகைச் சுவர் என்றால், வெளியே மைனஸ் 25 ஆக இருக்கும்போது உள்ளே 5 டிகிரியைக் காப்பதற்கு என் கணக்கில் 2500 வாட்டுக்கு மேல் தேவைப்படும். உங்கள் 1500 வாட் ஹீற்றர் இரவு முழுவதும் நிற்காமல் ஓடினாலும் அந்த எண்ணை எட்டாது. சுவர்களிலும் கூரையிலும் 2 அங்குல நுரைப் பலகை அடித்து இடுக்குகளை அடைத்துவிட்டால், அதே கொட்டிலுக்கு 400 வாட் அளவில் போதும்.

வின்னிபெக் அக்கா எழுதியது:

மின்கம்பி அண்ணா சொன்னவற்றோடு எனக்கு முரண்பாடு இல்லை. ஆனாலும் இந்தப் பிளக்கைப் பற்றிய உற்சாகம் கொஞ்சம் அதிகம் என்றே நினைக்கிறேன்.

எங்கள் ஊரில் கார் இயந்திரத்தைச் சூடேற்றும் கம்பி ஒவ்வொரு வண்டியின் மூக்கிலும் தொங்கும். வாகனத் தரிப்பிடங்களில் வெளி வெப்பநிலைக்கு ஏற்ப மின்சாரத்தை விட்டு விட்டுத் தரும் பிளக்குகளைப் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: தெர்மோஸ்டாட் பிளக் தான் இருக்கும் இடத்தின் குளிரை மட்டுமே அறியும், குழாய் இருக்கும் இடத்தின் குளிர் அதற்குத் தெரியாது. தெற்குப் பார்த்த வெளிச்சுவரில் அதை மாட்டினால், பனிக்கால வெயில் நேரே பட்டு அது 10 டிகிரி என்று நினைத்துக்கொண்டிருக்கும்; வடக்கு மூலையில் குழாய் உறைந்துகொண்டிருக்கும். ஹீற்றரின் காற்று நேராகப் படும் இடத்தில் மாட்டினாலும் இதே கதைதான். பெட்டியில் எழுதியிருக்கும் 2 டிகிரியை நம்புவதற்கு முன்னால், அது எந்த இடத்தின் 2 டிகிரி என்று கேட்க வேண்டும்.

குழாயில் சுற்றும் சூடேற்றும் கேபிளை இந்தப் பிளக்கில் செருகலாமா என்று இங்கே அடிக்கடி கேட்கிறார்கள். பல கேபிள்களின் முனையில் ஏற்கெனவே ஒரு தெர்மோஸ்டாட் இருக்கிறது. அதைக் குழாயின் மிகக் குளிரான இடத்தில், குழாயோடு ஒட்டியபடி வைத்துக் கட்ட வேண்டும். அப்படிப்பட்ட கேபிளைக் கொண்டுபோய் ஓரளவு சூடான கொட்டிலுக்குள் இருக்கும் தெர்மோஸ்டாட் பிளக்கில் செருகினால், இரண்டு தெர்மோஸ்டாட்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். உள்ளே 8 டிகிரி இருப்பதால் பிளக் மின்சாரத்தைத் தடுக்கும்; கொட்டிலுக்கு வெளியே நீளும் குழாய்த் துண்டில் கேபிளின் தெர்மோஸ்டாட் கேட்டும் கிடைக்காமல் இருக்கும். தெர்மோஸ்டாட் உள்ள கேபிளைச் சாதாரணப் பிளக்கில் நேராகச் செருகுவதே முறை.

வெப்பம் ஏறஏறத் தன் மின்தடையைத் தானே கூட்டிக்கொள்ளும் வகைக் கேபிளுக்கு மட்டும் தெர்மோஸ்டாட் பிளக் ஓரளவு பயன்படும், ஏனென்றால் அந்த வகை குறைவாக எரியுமே தவிர முழுவதும் அணைவதில்லை. எந்த வகையானாலும் பிளாஸ்டிக் குழாய்க்கு ஏற்றது என்று பெட்டியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே வாட் அளவில் எரியும் கேபிளை ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றிவிடாதீர்கள். ஒன்றையொன்று தொடும் இடம் கருகும்.

ஹூஸ்டன்வாசி எழுதியது:

நான் தமிழ்நாட்டிலிருந்து டெக்சாஸுக்கு வந்தவன். குளிரைப் பற்றிக் கனடாக்காரர்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை என்று சிரிப்பீர்கள். ஆனால் குழாய் வெடிப்பதைப் பற்றிப் பேச 2021 பிப்ரவரிக்குப் பிறகு எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தகுதி வந்துவிட்டது. மாநிலம் முழுவதும் 40 லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளில் மின்சாரம் இல்லை. மின்சாரம் போன வீட்டில் தெர்மோஸ்டாட் பிளக் என்ன செய்யும்? சுவரில் தொங்கும், அவ்வளவுதான்.

எங்கள் பக்கம் குழாய்களைப் பரணில் ஓட்டுவார்கள். அப்படிக் காப்பில்லாமல் ஓடும் குழாய்களை இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கட்டட ஆய்வுக் குழு 1990களில் சோதித்தது. வெளி வெப்பநிலை மைனஸ் 7 டிகிரிக்கு அருகே வரும்போதுதான் உறைதல் தொடங்குகிறது என்று கண்டு, அதையே எச்சரிக்கை எல்லையாகச் சொன்னார்கள். அதே ஆய்வு விளக்கிய இன்னொன்று, வெடிப்பு எப்படி நிகழ்கிறது என்பது. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய 9 விழுக்காடு பெருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் பனிக்கட்டி குழாயின் சுவரைத் தள்ளி உடைப்பதைவிட, பனிக்கட்டி அடைப்புக்கும் மூடிய திருகுக்கும் நடுவில் சிக்கிய தண்ணீரின் அழுத்தம் ஏறி, உறையாத இடத்தில் குழாய் பிளப்பதே வழக்கம். அதனால்தான் திருகைச் சொட்டுச் சொட்டாகத் திறந்துவிடச் சொல்கிறார்கள்: சொட்டும் தண்ணீர் அழுத்தத்துக்கு ஒரு வழி விடுகிறது.

நண்பர் கிணற்றுப் பம்பை நம்பியிருக்கிறார். மின்சாரம் போனால் அவருக்குச் சூடும் இல்லை, தண்ணீரும் இல்லை. எனவே பம்பின் அடியில் உள்ள வடிகால் திருகு எங்கே இருக்கிறது, அதைத் திறக்க எந்த ஸ்பேனர் வேண்டும் என்பதை அவர் இந்த நவம்பருக்குள் தெரிந்து வைத்துக்கொள்வது, எந்தப் பிளக்கை வாங்குவதையும்விட முக்கியம் என்பது என் கருத்து.

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஹூஸ்டன்வாசி சொன்னது டெக்சாஸுக்கு மட்டும் உரியதல்ல. 2013 டிசம்பர் பனிமழையில் ரொறன்ரோவில் மட்டும் ஏறக்குறைய 3 லட்சம் இணைப்புகள் இருளில் கிடந்தன. சில வீடுகளுக்கு மின்சாரம் திரும்ப ஒரு வாரத்துக்கு மேலானது.

நான் வேறு கோணத்தில் கேட்கிறேன்: இவ்வளவு சிரமம் எதற்கு? பம்பையும் தாங்கியையும் நிலவறைக்குள் மாற்றி, கிணற்றிலிருந்து வரும் குழாயை உறைகோட்டுக்கு, அதாவது குளிர்காலத்தில் நிலம் உறையும் ஆழத்துக்கு, கீழே புதைத்துவிட்டால் ஹீற்றரும் வேண்டாம், பிளக்கும் வேண்டாம். ஒரு முறை செலவு, பிறகு நிம்மதி. 100 வாட் குமிழ் ஒன்றை 150 நாட்கள் இடைவிடாமல் எரித்தால் 360 யூனிட். தெர்மோஸ்டாட் பிளக் அதில் இலையுதிர் காலத்திலும் இளவேனில் தொடக்கத்திலும் ஒரு பங்கை மிச்சப்படுத்தும். ஆனால் ஜனவரி முழுவதும் வெளியே உறைநிலைக்குக் கீழே நிற்கும் ஊரில் அது அணையும் நேரம் எவ்வளவு இருந்துவிடப் போகிறது? மிச்சப்படுத்தல் என்ற பேச்சு விற்பனைக்காரர்களின் பேச்சு.

காப்புறுதி பற்றியும் ஒரு வார்த்தை. கனடாவின் பல வீட்டுக் காப்புறுதிப் பத்திரங்களில், குளிர்காலத்தில் 4 நாட்களுக்கு மேல் வீட்டைவிட்டுப் போனால், தண்ணீரை அடைத்துக் குழாய்களை வடித்திருக்க வேண்டும், அல்லது யாராவது நாள்தோறும் வந்து பார்க்க ஒழுங்கு செய்திருக்க வேண்டும், இல்லையேல் உறைந்து வெடித்த சேதத்துக்குப் பணம் இல்லை என்ற நிபந்தனை இருக்கிறது. "பிளக் மாட்டியிருந்தேன்" என்று சொன்னால் அது ஏற்கப்படுமா என்று உங்கள் பத்திரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள்.

லிண்ட்சேக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கணக்குப்பிள்ளை அண்ணா, நிலவறைக்கு மாற்றுவதே நிரந்தர வழி என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நிலம் தோண்டும் செலவு இந்த ஆண்டு எங்கள் கைக்கு எட்டாது.

மின்கம்பி அண்ணா கேட்டதற்காகக் கொட்டிலின் உட்பலகை ஒன்றைக் கழற்றிப் பார்த்தேன். கண்ணாடிநார்ப் பஞ்சு இருந்திருக்கிறது. எலிகள் அதைக் கீழே இழுத்துக் கூடு கட்டிவிட்டதால் மேற்பாதி வெறுமையாக இருக்கிறது. இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். பழைய குமிழ் கொட்டிலின் நடுவில் தொங்கவில்லை. பம்பைச் சுற்றி 3 அடி நீளம், அகலம், உயரம் கொண்ட ஒரு மரப்பெட்டி இருந்திருக்கிறது. அதற்குள்ளேதான் குமிழ் இருந்திருக்கிறது. பெட்டியின் மூடி இப்போது சுவரில் சாய்ந்து நிற்கிறது. ஓட்டைப் பலகை என்று நினைத்து எறிய இருந்தேன்.

என் மனைவிக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. கொட்டில் சூடாகத்தானே இருக்கும், எங்கள் கறிவேப்பிலைத் தொட்டிகளை அங்கே வைத்துக் குளிர்காலத்தைக் கடத்த முடியுமா என்று கேட்கிறார்.

மின்கம்பி எழுதியது:

தம்பி, அந்த மூடியை எறியாதீர்கள். இந்த இழையில் இதுவரை வந்தவற்றில் பெறுமதியான தகவல் அதுதான்.

7 அடி உயரக் கொட்டில் முழுவதையும் சூடேற்றுவதற்கும் 3 அடிப் பெட்டியைச் சூடேற்றுவதற்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கில் பாருங்கள். கொட்டிலின் சுவர்களும் கூரையும் சேர்ந்து 244 சதுர அடி. பெட்டிக்கு, நிலத்தைத் தொடும் அடிப்பக்கத்தை விட்டுவிட்டால், ஐந்து பக்கங்களும் சேர்ந்து 45 சதுர அடி. அந்த ஐந்து பக்கங்களுக்கும் 2 அங்குல நுரைப் பலகை ஒட்டினால், மைனஸ் 25 இரவில் உள்ளே 5 டிகிரியைக் காக்க 70 வாட் அளவில் போதும். இடுக்குகளில் காற்று கசிவதற்காக அதை இரட்டிப்பாக்கினாலும் 150 வாட்டைத் தாண்டாது. முன்பு இருந்தவர்களின் 100 வாட் குமிழ் ஏன் போதுமாக இருந்தது என்பதற்கு விடை இதுதான். அவர்கள் சூடேற்றியது கொட்டிலை அல்ல, பெட்டியை.

ஆனால் குமிழுக்குத் திரும்பிப் போகாதீர்கள். சூடான கண்ணாடிக்கு அருகே நுரைப் பலகை இருப்பது தீயை அழைப்பதற்குச் சமம். கோழிக்கூடுகளில் தொங்கவிடும் 250 வாட் வெப்ப விளக்கு சங்கிலி கழன்று வைக்கோலில் விழுந்து கொட்டிலே எரிந்துபோன செய்திகள் ஒவ்வொரு குளிர்காலமும் வருகின்றன. மூடிய இடத்துக்கென்று செய்த, வெளிப்பரப்பு அதிகம் சூடேறாத 200 வாட் தட்டை ஹீற்றர் ஒன்றைப் பெட்டியின் உட்சுவரில் திருகால் பொருத்துங்கள். நுரையின் மேல் மெல்லிய ஒட்டுப்பலகையோ ஜிப்சம் பலகையோ அடித்து மூடிவிடுங்கள். நுரை வெறுமையாகத் தெரியக் கூடாது. 200 வாட் என்பது 2 ஆம்பியருக்கும் குறைவு. பம்போடு ஒரே சுற்றில் இருந்தாலும் பிரேக்கர் விழாது. அதற்குத்தான் தெர்மோஸ்டாட் பிளக் அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தும்.

பிளக்கின் இடத்தைப் பற்றி வின்னிபெக் தங்கச்சி சொன்னது முழுச்சரி. அதைப் பெட்டிக்கு உள்ளேயே, ஹீற்றருக்கு எதிர்ப்பக்கத்தில், பம்பின் உயரத்துக்குக் கீழே வையுங்கள். பம்பின் தலைப்பகுதியில் அழுத்தச் சுவிட்ச் ஒன்று இருக்கும். அதற்குப் போகும் கால் அங்குலச் சிறுகுழாயைத் தேடிப் பாருங்கள். பெரிய குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருப்பதால் அது தாங்கும். இந்தச் சிறுகுழாயில் தண்ணீர் அசையாமல் நிற்பதால் முதலில் உறைவது அதுதான். அது உறைந்தால் சுவிட்சுக்கு அழுத்தம் தெரியாது. பம்பு கிளம்பாமல் இருக்கும், அல்லது இன்னும் மோசமாக, நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். "பம்பு எரிந்துவிட்டது" என்று குளிர்காலத்தில் என்னை அழைப்பவர்களில் சிலருக்கு, அந்த விரல்நீளக் குழாயை முடியுலர்த்தியால் சூடாக்கியதோடு வேலை முடிந்திருக்கிறது.

மாட்டுவதற்கு முன் பிளக்கைச் சோதித்துப் பாருங்கள். வீட்டு உறைபெட்டிக்குள் பிளக்கை மட்டும் வைத்து, இரண்டு மெல்லிய நீட்டிப்புக் கம்பிகளைக் கதவின் ரப்பர் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, ஒன்றைச் சுவரிலும் மற்றதைச் சிறிய மேசை விளக்கிலும் இணைத்தால், கொஞ்ச நேரத்தில் ஒரு "டிக்" சத்தத்தோடு விளக்கு எரிய வேண்டும். வெளியே எடுத்து அறைச்சூட்டில் விட்டால் அணைய வேண்டும்.

வின்னிபெக் அக்கா எழுதியது:

தம்பியின் மனைவிக்கு: கறிவேப்பிலையை அங்கே கொண்டுபோகாதீர்கள். இந்தப் பிளக் 2 டிகிரி வரை சும்மா இருக்கும்; தண்ணீருக்கு அது பாதுகாப்பு, கறிவேப்பிலைக்கு அது ஆபத்து. 5 டிகிரிக்குக் கீழே போனாலே செடி இலையைக் கொட்டத் தொடங்கும். போதாததற்குக் கொட்டிலில் வெளிச்சமும் இல்லை. வீட்டுக்குள் வெயில் வரும் யன்னலோரத்தில் வைத்து, தண்ணீரைக் குறைத்து ஊற்றுங்கள்.

கணக்குப்பிள்ளை அண்ணா மிச்சப்படுத்தலைப் பற்றிச் சொன்னதில் ஒரு திருத்தம். வெளியே உறைநிலைக்குக் கீழே நின்றாலும், பிளக் பார்ப்பது பெட்டிக்கு உள்ளே இருக்கும் காற்றை. காப்பு நன்றாக இருந்தால் 7 டிகிரிக்கு ஏறி அணைந்து, மெல்ல மெல்ல 2 டிகிரிக்கு இறங்கும் வரை அணைந்தே கிடக்கும். 70 வாட் தேவைப்படும் பெட்டியில் 200 வாட் ஹீற்றர் இருந்தால், மிகக் குளிரான இரவிலும் மூன்றில் ஒரு பங்கு நேரத்தை ஒட்டித்தான் அது எரியும். மிச்சத்தைத் தருவது காப்புத்தான் என்று நீங்கள் வாதிட்டால் மறுக்க மாட்டேன்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன் தங்கச்சி, நான் வெளிச்சுவரில் மாட்டிய பிளக்கை நினைத்துக் கணக்குப் போட்டேன். ஆனாலும் என் அடிப்படைக் கேள்வி அப்படியே நிற்கிறது. ஹீற்றர் பழுதானாலோ, நிலக்கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஜி.எஃப்.சி.ஐ. பிளக் ஈரத்தில் விழுந்துவிட்டாலோ, வீட்டுக்குள் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? திருகைத் திறந்து தண்ணீர் வராதபோது தெரிந்தால் காலம் கடந்துவிடும்.

லிண்ட்சேக்காரன் எழுதியது:

அதற்கு ஒரு வழி யோசித்திருக்கிறேன். உணரியை வெளியே வைத்து, எண்ணை வீட்டுக்குள் காட்டும் கம்பியில்லா வெப்பமானி ஒன்று வாங்கியிருக்கிறேன். குறித்த வெப்பநிலைக்குக் கீழே போனால் ஒலி எழுப்பும். அதன் உணரியைப் பெட்டிக்குள் எங்கே வைப்பது? எச்சரிக்கையை எத்தனை டிகிரிக்கு வைப்பது? பிளக் போடும் அதே 2 டிகிரிக்கு வைக்கலாமா?

மின்கம்பி எழுதியது:

2 டிகிரிக்கு வைத்தால் பிளக் வேலை செய்யும் ஒவ்வொரு முறையும் மணி அடிக்கும். ஒரு வாரத்தில் நீங்களே அதை அணைத்துவிடுவீர்கள். 1 டிகிரிக்கு வையுங்கள். அந்த எண்ணில் மணி அடித்தால் பிளக்கோ ஹீற்றரோ மின்சாரமோ கைவிட்டுவிட்டது என்று பொருள். காப்பு இருப்பதால் போய்ப் பார்ப்பதற்குக் கொஞ்ச நேரமும் கிடைக்கும். உணரியைக் கிணற்றுக் குழாய் பெட்டிக்குள் நுழையும் மூலையில், நிலத்திலிருந்து ஒரு கை உயரத்தில், குழாயோடு ஒட்டிக் கட்டுங்கள். உணரிக்கு லிதியம் பற்றறி போடுங்கள். சாதாரண அல்கலைன் பற்றறி கடுங்குளிரில் சோர்ந்துபோகும். ஹூஸ்டன்வாசி சொன்ன வடிகால் திருகுக்கான ஸ்பேனரைப் பெட்டியின் மூடியிலேயே ஒரு ஆணியில் தொங்கவிடுங்கள். வடித்த பிறகு ஜெட் பம்பு தானாக இழுக்காது, திரும்ப ஓட்டுவதற்கு முன் மேலே உள்ள திருகு வழியாக அதை நிரப்ப வேண்டும். அதற்காக ஒரு வாளித் தண்ணீரை வீட்டுக்குள் எடுத்து வைத்துவிட்டே வடிக்கத் தொடங்குங்கள்.